அனிமல் ஹவுஸுக்குள் இருந்துகொண்டே எலிகளுக்காகப் பேசுவது எப்படி?

கேட்டவர் மருந்தியலில் பிஎச்.டி. செய்யும் ஒரு மாணவி. அவருடைய கல்லூரியின் அனிமல் ஹவுஸில், அதாவது ஆய்வு விலங்குகளை வைத்திருக்கும் கூடத்தில், சுண்டெலிகளை வாலைப் பிடித்துத் தூக்குகிறார்கள். கூண்டில் உமியைத் தவிர வேறு எதுவும் இல்லை. அறுவை முடிந்த எலிக்கு வலிமருந்து கொடுக்கும் வழக்கமும் இல்லை. "பேசினால் கைடு கோபித்துக்கொள்வார், பேசாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. சட்டம் ஏதாவது இருக்கிறதா? இல்லை, ஆய்வையே விட்டுவிட்டு வந்துவிடுவதா?" என்று கேட்டிருக்கிறார்.

விட்டுவிட்டு வரவேண்டாம். நீங்கள் வெளியே வந்துவிட்டாலும் அந்தக் கூண்டுகள் அங்கேயேதான் இருக்கும். அவற்றைப் பார்த்துத் தூக்கம் கெட்ட ஒருவர் மட்டும் அங்கே இருக்கமாட்டார். நான் கால்நடை மருத்துவம் படித்து, ஆய்வக விலங்குகளைப் பராமரிப்பதையே தொழிலாக வைத்திருப்பவன். நெறிமுறைக் கமிட்டிகளிலும் உட்கார்ந்திருக்கிறேன். எலிகளின் நிலை உண்மையிலேயே மாறியதாக எனக்குத் தெரிந்த இடங்களில் எல்லாம் அதைத் தொடங்கியவர் உள்ளே இருந்த யாரோ ஒருவர்தான். சில இடங்களில் ஒரு மாணவர், சில இடங்களில் கூண்டு கழுவும் ஊழியர், எங்காவது பிடிவாதமான ஒரு மருத்துவர்.

விலங்குகளில் சோதனையே கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன், மாற்று முறைகள் வளர வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இன்று காலை அந்த அறையில் இருக்கும் எலிக்கு அந்த எதிர்காலம் எட்டாது. அதற்கு இன்றைக்கே ஏதாவது செய்ய முடியும் என்பதைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

முதலில் சட்டம். அது உங்கள் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பேசும்போது குரல் நடுங்காது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், மனிதரைத் தவிர்த்த எந்த உயிரையும் விலங்கு என்றே சொல்கிறது. எலிக்கு விலக்கு இல்லை. இதன் அருமை அமெரிக்காவோடு ஒப்பிட்டால் தெரியும். அங்கே 1966-இல் வந்த விலங்கு நலச் சட்டத்தின் கீழ், ஆய்வுக்காக வளர்க்கப்படும் எலியும் சுண்டெலியும் விலங்குக் கணக்கில் சேராது. முதலில் விதிகள் மூலமாக விலக்கிவைத்திருந்தார்கள். 2002-இல் சட்டத்தையே திருத்தி அந்த விலக்கை உறுதியாக்கிவிட்டார்கள். அரசு நிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு அங்கே வேறு விதிகள் இருக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் ஆய்வகப் பாலூட்டிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டு இனங்கள்தான் என்கிறபோது, நாட்டின் முதன்மையான விலங்குச் சட்டம் அவற்றைப் பார்க்க மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நம் சட்டத்துக்குப் பின்னால் ருக்மிணி தேவி அருண்டேல் இருக்கிறார். கலாக்ஷேத்ராவை வைத்து அவரை அறிந்தவர்கள் பலர். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குவதைக்கு எதிராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகத்தான் அரசு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம் பல ஆண்டுகள் சென்னையிலிருந்துதான் இயங்கியது.

அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். சோதனைகளை உரிய கவனத்தோடும் மனிதத்தன்மையோடும் செய்ய வேண்டும் என்கிறது. அறுவை என்றால் இயன்றவரை வலி தெரியாத அளவுக்கு மயக்கம் கொடுக்க வேண்டும். கைப்பழக்கத்துக்காக மட்டும் ஒரு விலங்கில் சோதனை செய்வதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். மருத்துவக் கல்லூரி, கல்லூரி போன்ற இடங்களில் புத்தகமோ மாதிரியோ படமோ போதும் என்றால் விலங்கைத் தொடக்கூடாது. சோதனைக்கு முன்னும் பின்னும் விலங்கைச் சரியாகப் பராமரிக்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும். உங்கள் கேள்வியில் இருக்கும் குறைகளில் பாதிக்கு மேல் இதிலேயே பதில் இருக்கிறது. அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு: எலி, முயல், தவளை, கினிப்பன்றி போன்ற சிறிய விலங்குகளில் அதே முடிவு கிடைக்கும் என்றால் பெரிய விலங்குகளைத் தவிர்க்க வேண்டும் என்பது. நாய்க்கும் குரங்குக்கும் நல்லது நினைத்து எழுதிய வரி அது. அவற்றின் சுமையை எலியின் தலையில் இறக்கிவைத்த வரியும் அதுதான். அப்படி இறக்கிவைத்த நாம் எலிக்குக் கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறோம் என்றே நான் நினைக்கிறேன்.

சட்டத்தின் கீழ் 1998-இல் வந்த விதிகள்படி, விலங்குச் சோதனை செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நெறிமுறைக் கமிட்டி இருக்க வேண்டும். மொத்தம் எட்டுப் பேர். உயிரியல் விஞ்ஞானி ஒருவர், வேறு வேறு துறைகளிலிருந்து இரண்டு விஞ்ஞானிகள், விலங்குகளைப் பராமரிக்கும் கால்நடை மருத்துவர், அனிமல் ஹவுஸ் பொறுப்பாளர், வெளி நிறுவனத்து விஞ்ஞானி ஒருவர், விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறையுள்ள ஒருவர், அப்புறம் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழு நியமிக்கும் பிரதிநிதி. இந்த மத்தியக் குழுவைத்தான் எல்லோரும் சிபிசிஎஸ்இஏ என்று சொல்லிப் பழகியிருந்தோம்; இப்போது அதன் பெயர் சிசிஎஸ்இஏ. சோதனைக்கு அனுமதி கேட்டு நீங்கள் நிரப்பும் ஃபார்ம் பி உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் கமிட்டிக்குத்தான் போகிறது. அதில் ஏன் விலங்கு, ஏன் இந்த இனம், ஏன் இத்தனை, என்ன மயக்க மருந்து, என்ன வலிமருந்து, கடைசியில் எப்படிக் கொல்வீர்கள் என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். பலர் பழைய படிவத்திலிருந்து அப்படியே எடுத்து நிரப்பிவிடுகிறார்கள். எலிக்காகப் பேச உங்களுக்குக் கிடைக்கும் மிக வலுவான இடம் அந்தப் படிவம்தான். அதில் எழுதி ஒப்புதல் வாங்கிய ஒன்றை, நேரமில்லை என்று சொல்லி யாராலும் பிறகு விட்டுவிட முடியாது.

சரி, எலியின் பக்கம் வருவோம். சோதனை என்றதும் எல்லோர் கண்ணிலும் ஊசியும் கத்தியும்தான் தெரிகின்றன. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாதத்தில் கார்ரஜீனன் என்ற வீங்கவைக்கும் பொருளைப் போட்டு வீக்கத்தை அளக்கும் சோதனை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த எலியோ அதற்கு முன்னால் வாரக்கணக்கில் கூண்டில் இருந்திருக்கும். அதன் வாழ்க்கை என்பது பெரும்பாலும் கூண்டும் அதைத் தூக்கும் கைகளும்தான். கமிட்டியில் மணிக்கணக்கில் ஊசியைப் பற்றிப் பேசுவோம், கூண்டுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

கையிலிருந்து தொடங்குங்கள், அதற்குச் செலவே கிடையாது. 2010-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்டும் ரெபேக்கா வெஸ்டும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சுண்டெலிகளில் ஒரு பகுதியை வழக்கம்போல் வாலைப் பிடித்துத் தூக்கினார்கள். மற்றவற்றை ஒரு குழாய்க்குள் நுழையவிட்டுத் தூக்கினார்கள், அல்லது இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து அள்ளினார்கள். வாலில் தூக்கப்பட்டவை கையைக் கண்டாலே ஒதுங்கின, அதிகம் சிறுநீர் கழித்தன, பதற்றத்தை அளக்கும் மேஸ் என்ற கிளைப்பாதை மேடையில் திறந்த பாதைக்குப் போகத் தயங்கின. குழாயில் வந்தவை தாமாகவே கைக்குப் பக்கத்தில் வந்து மோப்பம் பிடித்தன. வெவ்வேறு ரகச் சுண்டெலிகளிலும், ஆண் பெண் இரண்டிலும் இதே போக்குதான். அதற்குப் பிறகு பல ஆய்வகங்கள் இதைச் செய்து பார்த்துவிட்டன.

இதற்கு வேண்டியது சுமார் 5 செ.மீ. விட்டமுள்ள ஒரு குழாய்த் துண்டு. நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும். டிஷ்யூ ரோலின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாயைக்கூட ஆட்டோகிளேவ் செய்து (நீராவியில் கிருமி நீக்கி) போடலாம், அழுக்கானால் எறிந்துவிடலாம். அதைக் கூண்டுக்குள்ளேயே விட்டுவையுங்கள். எலி அதை வீடாகப் பழகிக்கொள்ளும், தூக்க வேண்டிய நேரத்தில் தானாக உள்ளே போகும். ஊசி போடுவதற்குக் கழுத்துத் தோலைப் பிடிக்கத்தான் வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. கூண்டு மாற்றுவதற்கும் எடை பார்ப்பதற்கும் வால் தேவையே இல்லை, சுண்டெலி அதிகமாகத் தூக்கப்படுவது அந்த இரண்டு வேலைகளுக்குத்தான்.

விஸ்டார் ரகம் போன்ற பெரிய எலிகள் கதை வேறு. தோளைச் சுற்றி மென்மையாகப் பிடித்து, அடிவயிற்றைத் தாங்கித் தூக்க வேண்டும். சோதனை தொடங்கும் முன் சில நாட்கள் வெறுமனே கையில் எடுத்துப் பழக்குங்கள். ஜாக் பாங்க்செப் என்ற நரம்பியல் அறிஞர், எலிகள் விளையாடும்போதும் மனிதக் கை அவற்றுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டும்போதும் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் குரல் எழுப்புகின்றன என்று காட்டினார். பயத்திலும் துன்பத்திலும் எழும் குரல் 22 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அமைதியாக இருக்கிறது என்று நாம் நினைக்கும் அறையில் எலிகள் கத்திக்கொண்டிருக்கலாம். இன்னொரு பக்கம், சொட்டும் குழாயும் சில மின்கருவிகளும் நமக்குக் கேட்காத ஒலியை எழுப்பி எலிகளைத் தொந்தரவு செய்யும்.

அடுத்தது குளிர். இதை நம் ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் ஆய்வகச் சுண்டெலிக்குப் பெரும்பாலும் குளிர்தான் பிரச்சினை. அதன் உடல் சிரமமில்லாமல் இருக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 30 டிகிரி. உலகெங்கும் ஆய்வகங்கள் 20 முதல் 24 டிகிரியில் வைக்கப்படுகின்றன, அது கோட்டு போட்ட மனிதருக்கு வசதியான அளவு. நம் வழிகாட்டுதல் 18 முதல் 29 வரை அனுமதிக்கிறது, ஏ.சி. வைத்தவர்கள் கீழ்ப்பக்கமே நிற்கிறார்கள். அந்தக் குளிரில் சுண்டெலி தன் சக்தியில் பெரும் பங்கை உடலைச் சூடாக வைத்துக்கொள்ளவே செலவழிக்கிறது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் உள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தில் 2013-இல் வந்த ஆய்வில், 22 டிகிரியில் இருந்த சுண்டெலிகளைவிட 30 டிகிரியில் இருந்தவற்றில் கட்டிகள் மெதுவாக வளர்ந்தன, எதிர்ப்பாற்றலும் கட்டிக்கு எதிராக நன்றாக வேலை செய்தது. புற்றுநோய் மருந்து ஆய்வு செய்கிற ஒருவர் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காரத்தான் வேண்டும்.

அறையைச் சூடாக்கச் சொல்லிப் போராட வேண்டியதில்லை. கூடு கட்டப் பொருள் கொடுத்தால் சுண்டெலி தானே பார்த்துக்கொள்ளும். ஒரு கூண்டுக்கு 8 முதல் 10 கிராம் வரை காகிதக் கீற்றோ டிஷ்யூவோ போட்டால், ராத்திரிக்குள் அதைக் கிழித்து மேலே கூரை மூடும் அளவுக்குக் கூடு கட்டிவிடும். பிரியும் பஞ்சு வேண்டாம், அதன் இழை காலில் சுற்றிக்கொள்ளும். உமி படுக்கைக்கு நல்லதுதான், ஆனால் உமியில் கூடு நிற்காது. இன்னொரு சிறிய விஷயம்: கூண்டு மாற்றும்போது பழைய கூட்டை எடுத்துப் புதுக் கூண்டில் வையுங்கள். ஆண் சுண்டெலிகள் கூண்டு மாற்றியவுடன் சண்டை போடுவது இதனால் குறையும். காலையில் கூடு கலைந்தே கிடந்தால், கட்டிய கூடு இல்லாவிட்டால், அந்தச் சுண்டெலிக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். காசில்லாமல் கிடைக்கும் பரிசோதனை இது.

எலிக் கூண்டின் உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2010-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதி கேட்பதே 18 செ.மீ. உயரம்தான். வளர்ந்த எலி பின்னங்காலில் நிமிர்ந்து நிற்க 25 செ.மீ.க்கு மேல் வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மகோவ்ஸ்காவும் வியரியும் எலிகளை மண்ணும் தட்டுகளும் உள்ள பெரிய கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். அவை நாள்தோறும் நிமிர்ந்து நின்றன, ஏறின, வளை தோண்டின. வயதான பிறகும் தோண்டுவதை விடவில்லை. சாதாரணக் கூண்டில் இருந்தவை இது எதையும் செய்ய முடியாமல் பக்கவாட்டில் உடம்பை நீட்டி நீட்டிச் சோம்பல் முறித்தன. எழுந்து நிற்கவே முடியாத இடத்தில் ஒரு உயிரை ஆயுள் முழுக்க வைத்திருக்கிறோம் என்பது எனக்கு இன்றும் பொறுத்துக்கொள்ள முடியாத விஷயம். உங்கள் கல்லூரி நாளைக்கே கூண்டு மாற்றாது என்று தெரியும். ஆனால் அடுத்த முறை கூண்டு வாங்க டெண்டர் போடும்போது உயரமான ரகத்தைக் கேட்க ஒரு குரல் வேண்டும். அதுவரை மறைந்துகொள்ள ஒரு குழாய், கடிக்க ஒரு மரத்துண்டு, துணைக்கு இன்னொரு எலி. தனிக் கூண்டில் வைப்பதற்கு மட்டும் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

இங்கே உங்கள் கைடு சொல்லப்போவது எனக்கு இப்போதே கேட்கிறது: "கூண்டில் சாமான் போட்டால் டேட்டா சிதறும், எல்லோரும் வெறும் கூண்டில்தான் செய்கிறார்கள்." இதற்கு மரியாதையாகப் பதில் சொல்லலாம். 2004-இல் வுல்ஃபர், வூர்பெல் முதலானோர் இதையே சோதித்தார்கள். வசதி கூட்டிய கூண்டுகளில் முடிவுகளின் சிதறல் கூடவில்லை. அதற்கும் முன்பே, 1999-இல் கிராப் குழுவினர் ஒரே ரகச் சுண்டெலிகளை, ஒரே கருவிகளோடு, ஒரே நேரத்தில் மூன்று ஆய்வகங்களில் சோதித்தார்கள். எல்லாவற்றையும் ஒரேமாதிரி ஆக்க அவ்வளவு பாடுபட்டும் சில சோதனைகளில் முடிவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறின. வெறும் கூண்டு தரும் சீர்மை அந்த அளவுக்குத்தான். இதைவிடக் கனமானது 2022-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜியா மேசன் குழு செய்த தொகுப்பாய்வு. 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வழக்கமான கூண்டில் வாழும் எலிகளுக்குப் புற்றுநோய், இதயநோய், பக்கவாதம் போன்றவை கடுமையாக வருகின்றன, அவை சீக்கிரம் சாகின்றன என்று தெரிந்தது. கூண்டாலேயே நோயாளியாகிப்போன எலியில் மருந்தைச் சோதித்துவிட்டு, ஆரோக்கியமான கட்டுப்பாட்டுக் குழு என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது வலி. உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் உறுத்தியது இதுதான். எலி இரையாகும் விலங்கு, வலியைக் காட்டிக்கொள்ளாது. அதனால் "சாப்பிடுகிறதே, நடக்கிறதே" என்று சொல்லிவிடுகிறார்கள். 2010-இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு சுண்டெலியின் முகத்தைப் படம்பிடித்து வலிக்கு ஒரு அளவுகோல் உருவாக்கியது. கண் இடுங்குவது, மூக்குத் தண்டு புடைப்பது, கன்னம் புடைப்பது, காது பின்னுக்குப் போவது, மீசை மாறுவது என்று ஐந்து குறிகள். ஒவ்வொன்றுக்கும் பூச்சியம், ஒன்று, இரண்டு என்று மதிப்பெண். ஒரு மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். பெரிய எலிகளுக்கும் அடுத்த ஆண்டே இதுபோன்ற அளவுகோல் வந்துவிட்டது. எலியின் கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாகப் படிந்திருந்தால் அதை இரத்தம் என்று நினைத்துவிடாதீர்கள், துடைத்துவிட்டுப் போய்விடவும் வேண்டாம். கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் நிறமி அது. எலி மன அழுத்தத்திலோ நோயிலோ இருக்கிறது என்று சொல்கிறது. முதுகு கூனி, ரோமம் சிலிர்த்து, மூலையில் உட்கார்ந்திருப்பதும் அப்படித்தான்.

மருந்து கிடைப்பதில்லை என்பது பாதி உண்மை. புப்ரினார்ஃபின் என்ற வலிமருந்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் சிறிய கல்லூரிகள் அதை வாங்க அலைய வேண்டியிருக்கிறது. மெலாக்ஸிகம் அப்படி இல்லை. பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்ற டைக்ளோஃபினாக்கை 2006-இல் மாட்டு மருத்துவத்திலிருந்து தடை செய்தபோது அதன் இடத்துக்கு வந்த அதே மருந்து; எந்தக் கால்நடை மருந்துக்கடையிலும் கிடைக்கும். வெட்டும் இடத்தை மரத்துப்போகச் செய்ய லிக்னோகெய்ன் இருக்கிறது. அளவை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், இணையத்தில் பார்த்துப் போடாதீர்கள். வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, மயக்கத்தில் இருக்கும்போதே, கத்தி வைக்கும் முன்பே கொடுப்பது நல்லது. மருந்து முடிவைக் கெடுக்கும் என்பார்கள். அடக்காத வலியும் கெடுக்கும்: அழுத்த ஹார்மோன் ஏறும், தீனி குறையும், எதிர்ப்பாற்றல் மாறும். வீக்கத்தையே அளக்கும் ஆய்வில் மெலாக்ஸிகம் சிக்கல்தான், ஒப்புக்கொள்கிறேன். அங்கே வேறு வகை மருந்தைத் தேட வேண்டும். அதுவும் முடியாது என்றால் அளவிடும் நேரத்தைச் சுருக்க வேண்டும், அளந்து முடித்த கையோடு அந்த எலியின் வலியையும் முடித்துவைக்க வேண்டும். அடுத்த நாள் காலை வரை அப்படியே விட்டுவைக்க எந்த விஞ்ஞானக் காரணமும் இல்லை.

எங்கே நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். எடை 20 சதவீதம் குறைந்தால், கட்டி இந்த அளவைத் தாண்டினால், இரண்டு நாள் கூடு கட்டாவிட்டால், அந்த எலிக்கு ஆய்வு முடிந்தது. தானாகச் சாகும்வரை காத்திருப்பதை முடிவுப்புள்ளியாக ஏற்காதீர்கள். பாதி விலங்குகள் சாகும் அளவைக் கண்டுபிடிக்கும் எல்டி50 முறையை 1927-இல் டிரெவன் கொண்டுவந்தார். அதன் பழைய சோதனை விதியான 401-ஐ, பல நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 2002-இன் இறுதியிலேயே நீக்கிவிட்டது. இப்போதுள்ள 423-இல் ஒரு படிக்கு மூன்று விலங்குகள்தான். இன்னும் எல்டி50 என்றே எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கமிட்டியில் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

சாவைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் எல்லா எலிக்கும் அது உண்டு. கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய பெட்டியில் எலியைப் போடுவது எளிது, ஆனால் அந்த வாயு ஈரமான மூக்குச் சவ்வில் அமிலமாகி எரிக்கும். மயங்குவதற்கு முன்பே எலிகள் அதைவிட்டு ஓடப் பார்க்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதலில் ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்தில் தூங்கவைத்துவிட்டுப் பிறகு வாயுவைத் திறப்பது எவ்வளவோ மேல். வாயு மட்டும்தான் இருக்கிறது என்றால் நிரப்பிய பெட்டி வேண்டவே வேண்டாம். காலிப் பெட்டியில் எலியை வைத்து மெல்ல ஏற்ற வேண்டும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல், பெட்டியின் கொள்ளளவில் நிமிடத்துக்கு 30 முதல் 70 சதவீதம் வரை என்கிறது. இதற்கு ஒரு ஃப்ளோ மீட்டர் போதும். கழுத்தை முறிக்கும் முறையைக் கை தேர்ந்தவர் மட்டுமே செய்யட்டும். புது மாணவர் உயிருள்ள எலியில் பழகக்கூடாது.

எண்ணிக்கையைப் பற்றி ஒரே ஒரு விஷயம். குறைவாக எடுத்தால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு குறைக்காதீர்கள். முடிவே சொல்ல முடியாத அளவுக்குச் சிறிய ஆய்வில் செத்த எலி வீணாகத்தான் செத்தது. எத்தனை வேண்டும் என்று புள்ளியியல்படி கணக்கிடுங்கள், குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள், எந்தக் குழு என்று தெரியாமல் அளந்து பாருங்கள். விலங்குச் சோதனைகளைக் குறைக்க உழைக்கும் பிரிட்டனின் என்சி3ஆர்எஸ் நிறுவனம் இதற்கென்று இலவச வடிவமைப்புக் கருவி ஒன்று வைத்திருக்கிறது.

பாடம் நடத்துவதற்கு மட்டும் எலி பயன்படுகிறது என்றால் அதை நிறுத்தவே கேளுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் ரவீந்திரன் உருவாக்கிய, விலங்குச் சோதனைகளைக் கணினியிலேயே செய்துகாட்டும் எக்ஸ்ஃபார்ம் மென்பொருள் பல ஆண்டுகளாக இருக்கிறது. மாற்று முறைகளுக்கென்றே திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மகாத்மா காந்தி–டோரன்காம்ப் மையம் தொடங்கப்பட்டது. அழகுசாதனப் பொருட்களுக்கு விலங்குச் சோதனையை இந்தியா 2014-இல் தடை செய்தது. புதிய மருந்துகளுக்கான விதிகளும் 2023-இல் திருத்தப்பட்டு, விலங்கில்லாத முறைகளுக்கு இடம் கொடுத்திருக்கின்றன. கைடிடம் இதையெல்லாம் காட்டலாம்.

எப்படிப் பேசுவது? முதலில் கூண்டு கழுவும் அண்ணனிடமோ அக்காவிடமோ பேசுங்கள். தினமும் எலிகளைப் பார்ப்பவர் அவர்தான். எந்தக் கூண்டில் சண்டை, எது தீனி எடுக்கவில்லை என்று உங்கள் பதிவேட்டுக்கு முன்பே அவருக்குத் தெரியும். குழாய் முறையை அவர் ஏற்காவிட்டால் அது நடக்காது, அவருக்குக் கூடுதல் வேலை என்று தோன்றினாலும் நடக்காது. அப்புறம் கால்நடை மருத்துவர். கைடிடம் கடைசியாகப் போங்கள், அதுவும் குற்றச்சாட்டோடு போகவேண்டாம். "சார், ஒரே ஒரு ரேக்கில் மட்டும் குழாயும் காகிதமும் போட்டு என் டேட்டாவை ஒப்பிட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். தன் ஆய்வு மேம்படும் என்றால் மறுக்கும் கைடுகள் குறைவு.

படம் எடுத்து வெளியில் போடும் எண்ணம் வந்தால் கொஞ்சம் பொறுங்கள். நான் பயப்படச் சொல்லவில்லை. படம் வெளியே வந்ததும் அறைக் கதவு பூட்டப்படும், உள்ளே யாரும் உங்களோடு பேசமாட்டார்கள், எலிகளின் நிலை அப்படியே இருக்கும். ஆனால் மயக்கம் கொடுக்காமல் அறுப்பது, ஒப்புதல் இல்லாத சோதனை, கணக்கில் வராத விலங்குகள் என்று நடந்தால் அதில் பேரம் பேச எதுவும் இல்லை. தேதியோடு எழுதிவையுங்கள். கமிட்டியில் இருக்கும் மத்தியக் குழுப் பிரதிநிதிக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் அந்த நாற்காலியில் இருப்பதே இதற்காகத்தான். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், கமிட்டியில் விஞ்ஞானி அல்லாத அந்த உறுப்பினரைப் பாருங்கள். அவருக்கு உங்கள் துறைக்குள் வேண்டியவர் வேண்டாதவர் என்று யாரும் இல்லை.

கடைசியாக, நீங்கள் செய்ததை எல்லாம் ஆய்வேட்டில் எழுதுங்கள். எப்படித் தூக்கினீர்கள், கூண்டில் என்ன இருந்தது, எத்தனை டிகிரி, யார் கையாண்டார்கள், எந்த வலிமருந்து எப்போது, எந்த நிலையில் நிறுத்தினீர்கள், எப்படிக் கொன்றீர்கள். 2010-இல் வந்து 2020-இல் திருத்தப்பட்ட, விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் அரைவ் வழிகாட்டுதல் இவற்றைத்தான் கேட்கிறது. நல்ல இதழ்கள் அதைக் கேட்கத் தொடங்கிவிட்டன. யார் கையாண்டார்கள் என்பதும் வெறும் சம்பிரதாயம் இல்லை. ஆண் ஆய்வாளர் அறையில் இருந்தாலே, அவர் போட்ட சட்டையின் வாசனை பட்டாலே எலிகளின் அழுத்த ஹார்மோன் ஏறுகிறது என்று 2014-இல் மோகில் குழுவே காட்டியது. உங்கள் துறையில் அடுத்து வரும் மாணவர் தன் ஃபார்ம் பி-யை எழுத உட்காரும்போது உங்கள் ஆய்வேட்டின் அந்தப் பக்கத்தைத்தான் எடுத்து வைத்துப் பார்த்து எழுதுவார். அதில் வலிமருந்தின் பெயரும் அளவும் இருக்கட்டும்.